அப்பாவின் பெட்டிக்கு வைத்த பொட்டு

செல்ல மகள் மோகனப்ரியாவுக்கு மூக்கண்டப்பள்ளியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கவேண்டும். போனில் அப்பா பேச்சை ஆரம்பித்தாலே அழுகிறாய், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய், என்னைப் பேசவே விடுவதில்லை. அதனால் நடந்ததை முழுதாக எழுதி, லீவுக்கு வந்திருந்த உன் சிநேகிதன் சுபாஷிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா நெஞ்சில் வைத்த கருவி இதயத் துடிப்பையும் நெஞ்சில் நீர் சேர்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கும், கட்டிலருகே உள்ள பெட்டி அதைத் தினமும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும், உனக்குத் தெரிந்ததுதான். ஆயுத பூஜையன்று இந்த மனிதர் மிக்ஸிக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்த கையோடு அந்தப் பெட்டியையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் உட்கார வைத்துவிட்டார். கேட்டால், "முப்பது வருசம் லேத்து ஓட்டுனவன்டி, பூஜையன்னிக்கு மெஷினை ஓட வுடலாமா?" என்கிறார். பூஜை முடிந்து திரும்ப மாட்ட இருவருக்குமே மறந்துபோயிற்று.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரி நர்ஸ் சரிதா போன் செய்து, "ஏம்மா, பெட்டியிலருந்து ஒண்ணுமே வரலியே, அய்யா நல்லாருக்காரா?" என்றாள். ஓடிப்போய் மாட்டினேன். மறுநாளே மறுபடி போன், நீர் சேர ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டர் உத்தரவு. இவருக்கோ ஒரு இருமல்கூட இல்லை, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சண்டைக்கு வந்தார். கருவி வைப்பதற்கு முன், போன வருஷமும் இதையேதான் சொன்னார், கடைசியில் மூச்சு முட்டி, பெங்களூர் போகும் வழியில் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் ஆம்புலன்சில் கிடந்தோம். இந்தமுறை அந்தக் கஷ்டமே இல்லை. மாத்திரையைக் கூட்டினேன், உப்பைக் குறைத்தேன், நீர் இறங்கிவிட்டது என்று சரிதா நேற்றுச் சொல்லிவிட்டாள்.

மூச்சு முட்டும் முன்பே காட்டிக்கொடுக்க அவர் நெஞ்சுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது, அதட்ட நான் இருக்கிறேன், நீ எதற்குப் பயப்படுகிறாய்? இப்போது பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அப்பா சாப்பிடவே உட்காருகிறார். அடுத்த பூஜைக்குப் பொட்டு மட்டும்தான், பிளக்கில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

புளிக்காய்ச்சல் அனுப்பியிருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய், சாமி கூடவே இருக்கும். அடுத்த வருஷம் அந்தப் பொட்டை நீயே வந்து வை. லீவு போட்டுவிட்டு வா, வேலையை விட்டுவிட்டு வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

உன் அம்மா,
சரஸ்வதி