இடப்பக்கமாகவே சுற்றியவருக்கு

ஏனுங்க,

அங்கே சௌக்கியமா? இங்கே கலிபோர்னியா டப்ளினில் குளிர் விட்டுவிட்டது. மாலதி வேலைக்குப் போனபிறகு வீட்டில் நானும் டிஷ்வாஷரும்தான். அது உங்களைவிடத் தேவலை. கேட்டதற்கு ஒரு சத்தமாவது போடுகிறது.

ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன வெள்ளிக்கிழமை நான் ரேஸ் பார்க்கப் போனேன். ஆமாம், நானேதான். சிரிக்காதீர்கள்.

கோயமுத்தூர்ப் பக்கம் மண் தடத்தில் பைக் ரேஸைக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள் என்று இங்கே யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் நீங்கள் ‘மாலதியோட அப்பா’, அவ்வளவுதான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு, சூலூர் பக்கம் ஒரு பொட்டல்காட்டைப் பிடித்து, மில் பாய்லர் சாம்பலை லாரி லாரியாகக் கொட்டி, முட்டை வடிவில் தடம் போட்டீர்கள். நல்லா இருந்த பைக்கில் பிரேக்கைக் கழற்றி எறிந்தீர்கள். “பிரேக் இல்லாத வண்டியில எவனாச்சும் ஏறுவானுங்களா மாப்பிள்ளை?” என்று எங்கப்பா கேட்டார். “இருந்தாப் புடிச்சுப்போடுவமுங்க மாமா, அதுதான் ஆபத்து” என்றீர்கள். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்த ரேஸில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் சுற்றவேண்டும். அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. கோயிலில் வலம் வருகிறோம். இடமாகச் சுற்றுவது இழவுக்கு அல்லவா? அதனால் நீங்கள் அங்கே நாலு சுற்று இடமாகச் சுற்றினால், நான் தடத்துக்குப் பக்கத்துப் பிள்ளையாரை நாலு சுற்று வலமாகச் சுற்றி நேர்பண்ணுவேன். எத்தனை ரேஸில் இறங்குவீர்களோ, யார் கண்டது? மைக் சத்தம் அடங்கும்வரை சுற்றிக்கொண்டே இருப்பேன். கூட்டம் கத்துவது காதில் விழும். நீங்கள் ஓட்டியதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்புறம் சென்னையிலும் பெங்களூரிலும் கூப்பிட்டு ஓட்டவைத்தார்கள். உங்களைப் பார்த்துப் பழகியவர்களே உங்களை ஜெயிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் நீங்கள்தான் முதலில் கை தட்டினீர்களாம். காறை எலும்பு இரண்டாவது தடவை உடைந்தபோது போதும் என்றேன். நீங்கள் விடுவதற்குள் தடமே போய்விட்டது. சாம்பலை வாரிவிட்டு மனை போட்டு விற்றார்கள்.

இங்கே வந்தபிறகு, சாக்ரமெண்டோ தாண்டி ஓர் ஊரில் அதே ரேஸ் இன்னும் நடக்கிறது என்று மாலதி கண்டுபிடித்தாள். “ஒருக்கா வா அம்மிணி, போய்ப் பாத்துப்போட்டு வரலாம்” என்றீர்கள்.

“அங்க புள்ளையார் கோயில் இருக்குதுங்களா?”

“எதுக்கு? நானா ஓட்டப்போறேன்?”

அதுவும் சரிதான் என்று அடுத்த சீசனுக்குப் போவதாக இருந்தோம். அதற்குள் என்ன அவசரம் உங்களுக்கு?

நீங்கள் போனதிலிருந்து எனக்கு ஒரே ஏக்கம். உங்களைக் காய்ச்சலில் பார்த்திருக்கிறேன், கோபத்தில் பார்த்திருக்கிறேன், பல்செட் இல்லாமல் பார்த்திருக்கிறேன். ஊரே பார்த்த அந்தக் கோலத்தில் மட்டும் நான் பார்க்கவில்லை. இருக்கிற போட்டோவிலெல்லாம் வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். ஓடுகிற உங்களை இனி எங்கே போய்ப் பார்ப்பேன்?

அதனால்தான் மாலதியிடம் கேட்டேன். அவள் சீக்கிரமே வேலையிலிருந்து கிளம்பி வந்தாள். “அம்மா, சத்தம் ஹெவியா இருக்கும், இயர்பிளக் போட்டுக்கோ. முடியலன்னா சொல்லு, உடனே ரிடர்ன் ஆயிடலாம்” என்று ஃப்ரீவே முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். காரை விட்டு இறங்கியதும், ரேஸ் வண்டி என்ஜினில் ஊற்றுகிற விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை. உங்கள் சட்டையில் துவைத்தாலும் போகாதே, அதே வாசனை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு பேர் வண்டியோடு வந்து நின்றார்கள். குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே போனது. எனக்குக் கால் தானாகக் கிளம்பியது. சுற்ற ஆரம்பித்துவிடுவேனோ என்று பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நீல ஹெல்மெட் போட்டவரைத்தான் பார்த்தேன். உங்களைப் போலவே ஒல்லி. வளைவில் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வண்டியை அப்படியே பக்கவாட்டில் சரித்தார். வண்டி ஒரு பக்கம் பார்க்கிறது, ஆள் ஒரு பக்கம் பார்க்கிறார், போவது வேறு பக்கம்! போச்சு, விழுந்தார் என்று நினைத்தேன். விழவில்லை. அடேயப்பா, எவ்வளவு அழகுங்க! இப்படியா இருந்தீர்கள் நீங்கள்?

முன்வரிசையில் ஒரு பெண், யார் மனைவியோ, தன் ஆளின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். எனக்கு என்ன ஆனதோ, நானும் எழுந்து நின்றேன்.

“வேலுச்சாமி! போ வேலுச்சாமி, போ!”

மாலதி திடுக்கிட்டுத் திரும்பினாள். என் வாயால் உங்கள் பெயரை அவள் கேட்டதே இல்லை. பேங்கில் கேட்டால்கூட அவளைத்தான் சொல்லச்சொல்வேன். ‘போங்க’ என்று மரியாதை கொடுக்க அந்த வேகத்தில் எங்கே நேரம்? கோபித்துக்கொள்ளாதீர்கள். நீல ஹெல்மெட் மறுபடி எங்கள் பக்கம் வந்தபோது மாலதியும் எழுந்துவிட்டாள். “அப்பா! அப்பா!” என்று அவள் கத்த, வேலுச்சாமி என்று நான் கத்த, அந்த மனிதர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

சீசன் முடியும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போவேன். யார் ஓட்டினாலும் சரி, யார் ஜெயித்தாலும் சரி, அந்த வளைவில் உங்கள் பெயர்தான் கேட்கும். இது சத்தியம்.

இப்படிக்கு,
வேலுச்சாமியின் பெண்டாட்டி,
சரஸ்வதி