தைத்த கண்ணுக்குப் பென்சில் போடமாட்டேன்

மட்டக்களப்பு,
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம்.

அன்பு மகன் வினாயகமூர்த்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் கொழும்பில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும். தங்கச்சி புஸ்பத்துக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை, மாமனாகப் போகிற அண்ணன் கொக்குக்குப் பின்னால் திரிகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அப்பாவின் ஸ்டூடியோவில் கலியாணப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, அவர் வீட்டுக்குக் கொண்டுவருகிற, படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டுகளில் முகங்களைத் திருத்திப் பென்சில் வேலை செய்தே என் கழுத்துப் பிடித்துப் போயிற்று. இதற்கிடையில் உன் பார்சலும் வந்து சேர்ந்தது.

ஆடி லீவில் வந்து வாவியைச் சுற்றி நீ எடுத்த பறவைப் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஸ்டூடியோக்காரன் பிள்ளை எடுத்த படம் என்று வெளியில் சொல்லிவிடாதே. ஒவ்வொரு பறவையையும் மாப்பிள்ளையைக் கதிரையில் இருத்தியது போல நட்டநடுவில் வைத்திருக்கிறாய். நீர்க்காகத்தை மட்டும் ஓரமாக வைத்தாய், அதுவும் பிழையான ஓரம், அது பார்க்கிற பக்கத்தில் இடமே இல்லை, சொண்டு போய் விளிம்பில் முட்டுகிறது, முதுகுக்குப் பின்னால் பாதி வாவி சும்மா கிடக்கிறது. அக்கரைக் கோடு அதன் கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறது, அதையாவது கவனித்தாயா. எல்லாம் தோணியில் நிமிர்ந்து நின்று எடுத்தவை, வேட்டி நனையும் என்று பயந்தாயாக்கும், சேற்றில் குந்தி அதன் கண்மட்டத்துக்கு இறங்கியிருந்தால் பறவைக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். மணல் திட்டில் நின்ற கூழைக்கடாக்களுக்குக் காலையே வெட்டிவிட்டாய், இங்கே ஒரு குழந்தையின் பெருவிரல் வெட்டுப்பட்டாலே அப்பா மறுபடி எடுப்பார். இவ்வளவுக்கும் மேலே வலைக்கம்புகளை அழி, தோணியை அழி, வானத்தில் இரண்டு முகில் போடு என்று எனக்கு உத்தரவு வேறு. மீன்பிடிக்கிற வாவியில் வலைக்கம்பு நிற்காமல் தேர் நிற்குமா. துரைமார் பார்ப்பதற்காக நம்முடைய வாவியைச் சலவைக்குப் போடச் சொல்கிறாய், எனக்கு அதற்கு நேரமில்லை.

இனி நீ தலையில் தூக்கிவைத்து ஆடுகிற அந்த நாரைப் படத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கிற கந்தோர்த் துரை அதைப் பார்த்துவிட்டுக் கொழும்பில் நடக்கப்போகிற புகைப்படக் காட்சியில் இதற்குத்தான் முதற்பரிசு என்றாராம், நீயும் கந்தோர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாயாம். குறை ஒன்றே ஒன்றுதானாம், கண் மூடிக்கொண்டதாம், படம் பிடிக்கும்போது சிமிட்டிய பெண்களுக்கு நான் செய்வது போல இதற்கும் பென்சிலால் கண்ணைத் திறந்து ஒரு வெளிச்சப் பொட்டு வைத்து அனுப்ப வேண்டுமாம். நானும் பென்சிலைச் சீவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது சிமிட்டிய கண் இல்லை மகனே, தைத்த கண். பிளேட்டில் கறுப்பெல்லாம் வெள்ளையாகத் தெரியும் அல்லவா, மேலிமையையும் கீழிமையையும் சேர்த்து வெள்ளையாக இரண்டு தையல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பறவை பிடிக்கிறவர்கள் ஒன்றைப் பிடித்துக் கண்ணைத் தைத்துக் கரையில் கட்டிவிடுவார்கள், அது நிற்கிறதைப் பார்த்து மற்றவை பயமில்லாமல் இறங்கிக் கண்ணியில் மாட்டும். இந்த வாவிக்கரையில் பிறந்த உனக்கு இது தெரியாதா. கிட்டப் போயும் பறக்கவில்லை, என்னோடு பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, வெட்கமாக இல்லையா. அது உன்னைக் கண்டால்தானே பறக்கும். உன்னைத் தோணியில் கொண்டுபோன காத்தான்குடி ஆதம்பாவாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தம்பி என்னக் கிட்ட வர எங்க விட்டாரு அக்கா, சத்தம் கேட்டாப் பறந்திருமெண்டு தூரத்துல நிக்கச் சொல்லிப்போட்டுத்தானே போனாரு என்று அவர் நெஞ்சில் அடிக்காத குறையாகச் சொன்னார். அவரையே கூட்டிக்கொண்டு நீ படம் எடுத்த வவுணதீவுப் பக்கம் போனேன். நாரைக்காகத் தோணி ஏறுற பொம்பிளைய இண்டைக்குத்தான் காணுறன் என்று அப்பா வாசலில் நின்று சொன்னார், சொல்லட்டும். நாரை உன் படத்தில் நின்ற அதே இடத்தில், அதே ஒற்றைப் புல்லுக்குப் பக்கத்தில், கால் கட்டோடு நின்றது. அதன் சொந்தக்காரன் முதலில் முறைத்தான், நான் பேசிய பேச்சில் கயிற்றையும் சேர்த்துத் தந்துவிட்டான்.

வீட்டில் புஸ்பம் சீலையால் மூடிப் பிடிக்க, பிளேட் சுரண்டுகிற சின்னக் கத்தியால் தையலை அறுத்தேன். நன்றிக்கு என் மணிக்கட்டில் ஒரு கொத்து. ஒரு கண் நல்ல மஞ்சளாகத் திறந்தது, மற்றது சீழ் பிடித்திருந்தது, கழுவிக் கழுவி அதுவும் திறந்தது. நான் அழுதேன் என்று புஸ்பம் உனக்கு எழுதுவாள், அழுதது உண்மைதான்.

பிளேட்டை நீ அனுப்பியபடியே திருப்பி அனுப்புகிறேன். அதில் கண் திறக்க நான் ஆள் இல்லை. காட்சிக்கு அனுப்புவதானால் நூல் தெரிய அனுப்பு, அதற்கு முதல் துரையிடம் போய் இது காட்டுப் பறவை இல்லை, கட்டிவைத்த பறவை என்று உன் வாயால் சொல். கந்தோரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சொல்லாமல் பரிசு வாங்கினால் அந்தப் பரிசோடு இந்த வீட்டு வாசலை மிதிக்காதே.

முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தர வேண்டும். மழை தொடங்கினால் தலையைக் காயவிட்டுப் படு. புஸ்பத்துக்குப் பிள்ளைத் துணி வாங்க மறந்துவிடாதே. இன்னொன்று, நேற்றுக் காலை அப்பா கமெராவோடு முற்றத்தில் இறங்கினார். முக்காலியை விரிக்கக்கூட விடவில்லை, நாரை செட்டையை அடித்து வேலிக்கு மேலால் வாவிப் பக்கம் போய்விட்டது. நம் வீட்டில் அதற்கு ஒரு படமும் இல்லை. காட்டுப் பறவை என்றால் அதுதான் மகனே.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதேவிப்பிள்ளை