சொட்டு மருந்து விடுற ஆள்

திலகவதிக்கு,

போன் பண்ணினா நீ எடுக்கிறதில்லை, அதனால எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க.

வலது கண்ணுல புரை ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. உள்ள இருக்கிற பழைய வீக்கம் மூணு மாசமாவது அடங்கியிருந்தாத்தான் செய்வேன்னு டாக்டரம்மா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தாங்கல்ல, நீ திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போனப்புறம்தான் அது அடங்குச்சு. இதை வேற மாதிரி எடுத்துக்காத.

கட்டுப் பிரிச்ச அன்னைக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. திருக்கோகர்ணம் ஸ்டாப்புல பஸ் போர்டை நானே படிச்சு ஏறினேன். ஒரு வாரத்துல கண்ணு மறுபடி செவந்து மங்கிப் போச்சு. வீக்கம் திரும்பிருச்சாம். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விடணும். நானே விட்டுக்கிட்டா பாதி கன்னத்துல வழியுது.

நேத்து டாக்டரம்மா, "மருந்து யாரு விடுறாங்க?"ன்னு கேட்டாங்க.

"என் சம்சாரம்"னு சொல்லிட்டேன்.

"மருந்து சரியா உள்ள போகலை. இப்படியே விட்டா பார்வை தங்காது. அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க, எப்படி விடணும்னு சொல்லிக் குடுக்கிறேன்"னாங்க.

சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். வெள்ளிக்கிழமை காலையில போகணும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்