நின்றுபோன தொட்டில் படம்

ஜெஸ்வின் அப்பாவுக்கு,

இந்நேரத்துல எழுதுறேன், மன்னிச்சிக்குங்க. வேலை முடிஞ்சு ரூமுக்கு வரவே ஒரு மணி ஆயிடுச்சு. உங்க இருமல் விட்டுதா? மஸ்கட்ல நான் சௌக்கியம்.

நேத்து மத்தியானம் ஒரு கூத்து. நான் கேமராவுல பாத்துக்கிறேன்னு நம்பி, அத்தை கொல்லையில மீன் கழுவப் போயிருக்காங்க. திரையில ஜெஸ்வின் தொட்டில்ல அசையாம தூங்கினான். சும்மா பேசலாம்னு போன் போட்டேன். அத்தை போனோட உள்ளே வந்து பாத்தா, அவன் வீல்னு கத்துறான். அழுதழுது தொண்டையே கட்டிப்போச்சாம். "என் கண்ணு இங்கயே இருக்குன்னு சொன்னியே, தூங்கிட்டியாடி?"ன்னு கேட்டாங்க. சிரிச்சு மழுப்பிட்டேன். காதுல அவன் அழுகை, திரையில தூங்குற முகம்.

ராத்திரி இங்கேருந்தே நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள போய்ப் பாத்து, காரணம் கண்டுபிடிச்சிட்டேன். அதுல கேமராவுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு, இன்டர்நெட்டுக்கு ஒண்ணு. ரெண்டும் பிராசஸரைக் கூப்பிட ஒரே இன்டரப்ட் லைன், ரெண்டு வாசலுக்கு ஒரே காலிங் பெல் மாதிரி. எது கூப்பிடுதுன்னு தெரியாம, பிராசஸர் கேமரா கார்டைக் கவனிக்காம விட்டுடுது. கடைசிப் படம் அப்படியே நிக்குது. உப்புக்காத்துல கார்டு சொருகுற ஸ்லாட் துருப்பிடிச்சிருக்குன்னு, நீங்க கேமரா கார்டை வேற ஸ்லாட்டுல மாட்டினதால வந்த வினை. கரண்ட்டை நிறுத்திட்டு, பழைய ஸ்லாட்டை பிரஷால சுத்தம் பண்ணி, கேமரா கார்டை அதுல மாட்டுங்க. லைன் தனியாயிடும்.

கிறிஸ்டி அக்கா லீவு முடிஞ்சு இங்க வர்றப்போ, ஜெஸ்வினோட சட்டை ஒண்ணு குடுத்தனுப்புங்க. துவைக்க வேணாம்.

இப்பவும் திரையில தூங்குறான். எனக்கு நம்பிக்கை வரல. உப்பளத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அவனைத் தொட்டுப் பாத்துட்டு, உடனே பதில் போடுங்க.

ரெஜினா