வாளால் அறுத்த வள்ளம்

பேசாலை,
ஞாயிறு பூசை முடிஞ்ச பிறகு.

அன்புள்ள தம்பி றெனால்டுக்கு அண்ணி பெற்றிசியா எழுதிக்கொள்வது,

சேசுவின் இரக்கம் உங்களோட இருக்கட்டும். மாமிக்குக் கால் வீக்கம் வத்தியிட்டுது. மதுஷிகா பள்ளிக்கூடம் போறாள். என்ர சுகத்தைப் பற்றி எழுத ஒண்டுமில்லை. போனில கதைச்சால் அழுகை வந்திடும், மாமியும் பக்கத்தில இருந்து காது குடுப்பா. அதுதான் கடிதம். பிழை இருந்தால் பாராதேங்கோ, நான் ஐஞ்சாம் வகுப்போட நிண்டனான்.

உங்கட அண்ணன்ர வள்ளத்தை நான் அறுத்துப்போட்டன். மாமி உங்களுக்குச் சொல்லியிருப்பா, எனக்கு விசர் எண்டும் சொல்லியிருப்பா. நடந்ததை நானும் சொல்லவேணும்.

வள்ளம் கடலில ரெண்டாப் பிளந்ததும், அவற்ற உடம்பு ஒதுங்க முதல் துண்டுகள் கரைக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். பழைய ஒட்டிலதான் பிரிஞ்சது. புதுசு வாங்க வழியில்லாமல் அந்த ஒரு இடத்திலயே திரும்பத் திரும்பப் பைபர் துணியும் பசையும் வைச்சவர். மாதா திருவிழாவுக்கு மேல நீலப் பெயின்ற் அடிச்சு, மதுஷிகா எண்டு பிள்ளையின்ர பேரையும் புதுசா எழுதினவர். பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சவர். எல்லாரும் வடிவா இருக்கு எண்டவை. வெடிப்பு ஒருத்தற்ற கண்ணுக்கும் தெரியேல்லை.

பிறகு விடத்தல்தீவில இருந்து சுஜீவன் வந்தான். மற்றவையின்ர வள்ளத்தில கூலிக்குப் போற பெடியன். துண்டு ரெண்டையும் பொருத்தி இறக்கப்போறன், விலை சொல்லுங்கோ எண்டான். பயமில்லையோ எண்டு கேட்டன். கடலுக்கு என்னை இன்னும் ஆள் தெரியாது அக்கா எண்டு சிரிச்சான். என்ர முகத்தைப் பாத்திட்டு உடன வாயைப் பொத்தினான். அவன்ர பெஞ்சாதி ஜூலியட்டுக்கு இது பிள்ளை பிறக்கிற மாதம். செத்தவன்ர வள்ளத்துக்கு முன்னால இருந்து செபமாலை சொல்லப்போறியோ, குடுத்துத் துலை எண்டு மாமி கத்தினா. நீங்களும் வித்து மதுஷிகாவைப் படிப்பியுங்கோ எண்டீங்கள். நானும் ஓம் எண்டிட்டன்.

அந்தக் கிழமைதான் மதுஷிகா, சித்தப்பா வெளிநாட்டில செய்யிற பந்தயக் கார் ஓடுது எண்டு போனில காட்டினாள். அது போய்ச் சுவரில அடிச்சுது. சில்லு ஒரு பக்கம், முன்பக்கம் ஒரு பக்கம். நான் சிலுவை போட்டன். பாத்தால், கார் ஓட்டின பெடியன் எழும்பி இறங்கிக் கையும் காட்டிக்கொண்டு நடந்து போறான்.

அண்டைக்கு உங்களிட்டக் கேட்டனான், நினைவிருக்கோ? ஒரு காருக்கு நூற்றுக்கணக்கில கோடி போகுது, ஸ்ரேரிங் மட்டும் ஒரு கோடிக்கு மேல எண்டீங்கள். அது எனக்குத் தலையில ஏறேல்லை. சில்லும் முன்பக்கமும் கழண்டு பறக்கட்டும் எண்டுதான் செய்தது, ஆள் இருக்கிற கூடுதான் உடையக்கூடாது, கறுப்புத் துணியை மேல மேல படிய வைச்சு அவிச்சு எடுக்கிறம் எண்டீங்கள். அதில வெடிப்பு விழுந்தால் என்ன செய்வீங்கள் எண்டு கேட்டன். மிசினால உள்ளுக்குப் பாப்பம், சரிவராட்டி எத்தினை கோடி எண்டாலும் ஒருத்தரும் பாவிக்காமல் அறுத்து எறிஞ்சிடுவம் எண்டீங்கள். சும்மா சொல்லிப்போட்டு, இண்டைக்கு என்ன கறி அண்ணி எண்டு கேட்டீங்கள்.

எனக்கு அதுக்குப் பிறகு சோறு இறங்கேல்லை. முகம் தெரியாத ஒரு பெடியனுக்காக அங்க அவ்வளவு பெறுமதியை அறுக்கினம். நான் ஜூலியட்டின்ர புருஷனைக் கூப்பிட்டு அந்த வெடிப்பை விக்கப்போறன்.

சுஜீவன் ரக்டரோட வாறன் எண்ட நாளுக்கு முதல் நாள், பக்கத்து வீட்டு அன்ரனியண்ணையிட்ட மரம் அரியிற வாள் வாங்கி நானும் மதுஷிகாவும் அறுத்தம். பேர் எழுதின இடத்தை மட்டும் எடுத்து வைப்பமோ எண்டு கேட்டன். வேண்டாம் அம்மா, அதையும் அறுங்கோ எண்டாள்.

சுஜீவன் வந்து துண்டுகளைக் குனிஞ்சு பாத்தான். பிறகு, தரமாட்டன் எண்டால் வாயால சொல்லியிருக்கலாம் அக்கா, இல்லாதவன்ர வயித்தில ஏன் அடிச்சியள் எண்டான். நான் வாயால சொல்லியிருந்தால் மாமியிட்ட வாங்கிக்கொண்டு போயிருப்பான். இப்ப என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போறான். ஜூலியட் மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். பைபர் தூள் பட்டு என்ர கை முழங்கை வரைக்கும் தடிச்சு அரிச்சுக் கடிச்சுக்கொண்டிருந்தது. அதில தேங்காயெண்ணெய் தேய்ச்சுவிட்டிட்டுப் போனாள். உங்கட அண்ணனுக்கும் இப்பிடித்தான் கடிக்கும். உங்களுக்கும் அங்க கடிக்குதோ தம்பி?

கல்லறைக்கு மாபிள் போடக் காசு அனுப்பிறன் எண்டு சொல்லியிருந்தீங்கள். அனுப்பாதேங்கோ. அவருக்கு இப்ப மண் போதும். அந்தக் காசை வைச்சிருந்து அண்ணன்ர ஆண்டுப் பூசைக்கு நீங்களே வாங்கோ. இந்தக் கரையில வள்ளம் ஒட்டப் பழகின கைதானே உங்கட கை. அந்தக் காருக்குப் படிய வைக்கிற மாதிரி, ஒட்டில்லாத ஒரு வள்ளம் சுஜீவனுக்குச் செய்து குடுங்கோ. சின்னனா இருந்தாலும் பரவாயில்லை. பெயின்ற் அடிக்க முதல் நான் ஒருக்கா உள்ளுக்குக் கையை வைச்சுத் தடவிப் பாக்கவேணும்.

மாதா உங்கட கையைக் காப்பாற்றட்டும். அந்தக் காருக்குள்ள இருக்கிற பிள்ளைக்கும் வீட்டில ஆரோ பாத்துக்கொண்டிருப்பினம், கவனமாச் செய்யுங்கோ.

வருவீங்கள் எண்டு வாசலைப் பாத்திருக்கும்,
அண்ணி
பெற்றிசியா அமிர்தநாயகம்