பலாமரத்துப் பெட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

இதை யார் எடுத்துப் படித்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஓடையில் திடீரென்று வெள்ளம் ஏறியது. கரையில் இருக்கும் அபாயச் சங்கு ஊதவே இல்லை. ஊதாததால் ஆபத்தில்லை என்று நம்பித் தங்கை செல்வி தண்ணீரில் இறங்கிவிட்டாள். சடையைப் பிடித்துத்தான் இழுத்தேன். “இன்னாக்கா, மொட்ட அடிக்கறியா?” என்று வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

சங்கு ஏன் ஊதவில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளம் வருவதை முன்கூட்டியே சொல்ல ஓடையோர மரங்களில் சின்னப் பெட்டிகள் கட்டியிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் விளக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தனி முகவரி உண்டு. பேட்டரி சிறியது, அதனால் எதுவும் தூரத்துக்குப் பேசாது. மேலே தண்ணீரை அளக்கும் பெட்டி பலாமரத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது சங்குக்குச் சொல்லும். அந்தப் பலாமரத்துப் பெட்டியைத்தான் நேற்று அப்பா கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“பாரஸ்ட்காரன் வெச்ச கேமரா அது. நான் தேனெடுக்கப் போறதெல்லாம் தெரிஞ்சிடும்.”

“கேமரா இல்லப்பா.”

“நீ இன்னா கலெக்டரா? வாய மூடு.” கையை ஓங்கினார்.

சாமை மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். இப்போது அது என் மடியில் இருக்கிறது. பக்கத்துப் பெட்டியைத் தேடி அதன் பச்சை விளக்கு இன்னும் மினுங்குகிறது. பயமாகத்தான் இருக்கிறது. அடித்தால் அடிக்கட்டும். காலையில் பிள்ளைகள் ஓடைக்கு வருமுன் மரத்தில் கட்டிவிடுவேன். மழையும் வலுக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “சாமை மூட்டைய யாருடி அவுத்தது?”

நான்தான் என்று சொல்லப்போகிறேன். பெட்டியை மட்டும் கொடுக்க மாட்—