விழுந்து சேவித்தால் எழ வேண்டுமே

ஜனவரி 5, 2026

நேற்றுக் கோவில் கொடிமரத்தடியில் விழுந்து சேவித்தேன். விழுந்தது சரி, எழுந்திருக்க முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். எழுபத்திரண்டு வயதில் மானம் போயிற்று. மார்ச் ஒன்றாம் தேதி திருச்சானூரில் ராமானுஜன் அண்ணாவுக்குச் சதாபிஷேகம். சொந்தபந்தம் அத்தனைக்கும் முன்னால் இப்படிக் கிடந்தால்? “நின்னபடியே கை கூப்புங்கோ, அண்ணா தப்பா நினைச்சுக்கமாட்டார்” என்கிறாள் என் ஆத்துக்காரி வஸுமதி. நான் நினைப்பேனே!

ஜனவரி 8

பிசியோதெரபிஸ்ட் ஹர்ஷினி வந்தாள். பாலசமுத்திரத்துப் பெண். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். “கை ஊணாம எழுந்து உக்காருங்க தாத்தா. அஞ்சு வாட்டி போதும். வலிச்சா நிறுத்திடுங்க.” இதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா?

ஜனவரி 9

சும்மா எண்ணுவானேன் என்று அஷ்டோத்தரம் சொல்லிக்கொண்டே செய்தேன். ஒரு நாமாவுக்கு ஒரு தடவை. அறுபதில் தொடை நடுங்கியது. பாதியில் நிறுத்தினால் அபசாரமாயிற்றே — நூற்றெட்டையும் முடித்தேன். கடைசி நாற்பதுக்குக் கையை ஊன்றினேன், பெருமாள் மன்னிக்கட்டும்.

ஜனவரி 10

ஐயோ, தொடை.

ஜனவரி 12

“நூத்தெட்டா! பெருமாளா கணக்கு கேட்டுக்கினு இருக்காரு?” என்றாள் ஹர்ஷினி. வஸுமதி சிரித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வலி போகும்வரை ஓய்வு. பிறகு ஐந்துதான், வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டலாம். ரோஷத்தை மூட்டை கட்டிவைத்தேன்.

பிப்ரவரி 3

இன்று தரையிலிருந்து எழும் வித்தை. ஒருக்களித்துப் புரண்டு, மண்டியிட்டு, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நாற்காலி. வஸுமதியும் கூடவே படுத்தாள். எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள், ராட்சசி.

பிப்ரவரி 20

நாற்காலியைத் தொடவே இல்லை!

மார்ச் 1

அண்ணா காலில் விழுந்தேன். மூன்று மருமான்கள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். “தள்ளி நில்லுங்கோடா!” புரண்டேன், மண்டியிட்டேன், எழுந்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆசீர்வாதம் பண்ண வேண்டிய அண்ணா என் காதருகே குனிந்தார். “நான் பெருமாளை விழுந்து சேவிச்சு ரெண்டு வருஷமாச்சுடா. எழுந்துக்க முடியாதுன்னு பயம். யார்கிட்டயும் சொல்லலை.”

மார்ச் 3

காலை ஏழுக்கே அண்ணா வந்துவிட்டார். திருப்பாவையிலிருந்து சைக்கிள் வரை எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ம், சொல்லிக்குடு” என்றார்.